வந்து போகும் ஆசிரியர், வெறுமையாகும் வகுப்பறை
யப்பானியக் கிராமங்களில் அந்நிய நாட்டு ஆங்கில ஆசிரியர்களின் அன்றாட வாழ்க்கை பற்றிய ஒரு நோக்கு

யப்பான் என்றதும் எமது மனக்கண்ணில் தோன்றுவன மோட்டார் வாகனங்களும் மின்னணுச் சாதனங்களும் அதிவேகப் புகையிரதமுமே. ஆனால் அந்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு காடடர்ந்த மலைப்பிரதேசம் ஆகும். மலைகளுக்கு இடையே ஒடுங்கிக் கிடக்கும் பள்ளத்தாக்குகளிலும் கடலோரக் குடாக்களிலும் நெல் விளைவித்தும் மீன்பிடித்தும் சீவிக்கும் சிறு கிராமங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அங்கு வயலில் குனிந்து நிற்பவர்களின் தலைமுடி பெரும்பாலும் நரைத்திருக்கும். பாடசாலைக் கட்டிடம் பெரியதாக இருக்கும். பிள்ளைகளின் தொகையோ சிறியதாக இருக்கும்.

இத்தகைய கிராமங்களுக்கு ஆண்டுதோறும், பெரும்பாலும் யூலை இறுதியிலும் ஓகஸ்ட் மாதத்திலும், அந்நிய நாட்டு இளைஞர் யுவதிகள் பயணப்பெட்டியோடு வந்து இறங்குகிறார்கள். பல்கலைக்கழகப் பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆனவர்கள் இவர்களில் பலர். ஆசிரியப் பயிற்சியோ யப்பானிய மொழி அறிவோ இவர்களுக்குக் கட்டாயமன்று. கிராமத்துப் பிள்ளைகள் ஆங்கிலம் பேசப் பழகுவதற்கு உதவுவதே இவர்களது பணி. ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கு உரியது. புதுப்பித்துக்கொண்டே போனாலும் ஆகக் கூடியது ஐந்து வருடங்கள். அதன்பின் போய்விடவேண்டும்.

வெளியிலிருந்து வந்து, குறித்த காலம் பணியாற்றி, பின்பு போய்விடும் ஒருவரால் ஒரு கிராமத்துக்கு என்ன நன்மை? கிராமங்களில் பணிபுரியும் எமது வாசகர்கள் பலர் இக்கேள்வியைத் தம்மைக் குறித்தே கேட்டிருப்பார்கள். இந்த ஆங்கில ஆசிரியர்களின் வாழ்க்கையைக் கூர்ந்து பார்த்தால் இதற்கு ஓரளவு விடை கிடைக்கிறது. கூடவே, இதைவிடக் கடினமான வேறொரு கேள்வியும் எழுகிறது.

பழைய வழக்கம்

அந்நிய ஆசிரியரை அழைப்பது யப்பானுக்குப் புதியதன்று. 1868ஆம் ஆண்டில் மெய்ஜி ஆட்சி ஏற்பட்ட பின்னர், மேலைநாட்டுக் கல்வியை விரைவாகப் பெற விரும்பிய அரசு பல நாட்டவரையும் சம்பளம் கொடுத்து வரவழைத்தது. அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் விவசாயக் கல்லூரித் தலைவராக இருந்த வில்லியம் ஸ்மித் கிளார்க் 1876இல் வடக்கே சப்போரோவுக்கு வந்து, அங்கு புதிதாக அமைந்த விவசாயக் கல்லூரியில் ஆங்கில மொழியிலேயே போதித்தார். விவசாயத்தோடு வேதாகமத்தையும் அவர் மாணவருக்கு அறிமுகம் செய்தார். அவர் அங்கிருந்தது ஏறத்தாழ எட்டு மாதங்கள் மாத்திரமே. அவர் போன பின்னரே இரண்டாம் தொகுதி மாணவர் வந்து சேர்ந்தனர். அவர்களுள் இருவரே பிற்காலத்தில் யப்பானிய கிறிஸ்தவ சிந்தனையாளராகப் புகழ்பெற்ற உச்சிமுரா கன்சோவும், உலக நாடுகள் சங்கத்தின் துணைச் செயலாளர் நாயகமாக விளங்கிய நித்தோபே இனாசோவும் ஆவர். கிளார்க்கிடம் நேரே படிக்காத இவர்களுக்கு அவரது வழியைக் கொடுத்தவர்கள் முதற் தொகுதி மாணவர்களே.

1890இல் மற்சுவே என்ற சிறுநகரின் பாடசாலைக்கு ஆங்கிலம் கற்பிக்க வந்தவர் லவ்காடியோ ஹேர்ன். அவர் அடுத்த ஆண்டே குமமோத்தோவுக்கு மாறிச் சென்றாராயினும், அப்பிரதேச மக்களின் வாழ்வையும் கதைகளையும் எழுதி உலகறியச் செய்தார்.

1905இல் பிவா ஏரிக்கரையிலுள்ள ஹச்சிமான் பட்டினத்தின் வர்த்தகப் பாடசாலைக்கு ஆங்கில ஆசிரியராக வந்தவர் வில்லியம் மெரல் வோரிஸ். பாடசாலை நேரத்துக்குப் பின் அவர் நடத்திய வேதாகம வகுப்பு ஊரில் எதிர்ப்பைக் கிளப்பியதால் 1907இல் அவர் வேலையை இழந்தார். எனினும் ஊரைவிட்டுப் போகவில்லை. கட்டிடக் கலைஞராகத் தொழில் செய்து, அதன் வருவாயைக்கொண்டு அங்கேயே ஓர் உழைக்கும் கிறிஸ்தவக் குழுமத்தைக் கட்டியெழுப்பினார். கசநோயாளருக்கு மருத்துவமனையும், பிள்ளைகளுக்குப் பாடசாலையும் தோன்றின. 1941இல் யப்பானியப் பிரசையாகி, 1964இல் அந்த ஊரிலேயே காலமானார்.

ஒருவர் எட்டு மாதம், இன்னொருவர் ஒரு வருடத்துக்குச் சற்று மேல், மற்றவர் வாழ்நாள் முழுவதும். காலத்தின் நீளம் மாத்திரம் பயனைத் தீர்மானிப்பதில்லை என்பதை இம்மூவரும் காட்டுகிறார்கள்.

இன்றைய ஏற்பாடு 1987இல் தொடங்கிய ஜெற் திட்டத்தோடு வந்தது. அக்காலத்தில் யப்பானின் ஏற்றுமதி பெருகி, அமெரிக்காவோடு வர்த்தகப் பிணக்கு முற்றியிருந்தது. பொருளை மாத்திரம் விற்கும் நாடு என்ற பெயரை மாற்றவும், உள்ளூர் மக்களை உலகத்தோடு பழக்கவும் அரசு இத்திட்டத்தை வகுத்தது. முதலாண்டில் நான்கு நாடுகளிலிருந்து 848 பேர் வந்தனர். இன்று ஏறத்தாழ 50 நாடுகளைச் சேர்ந்த ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் இதில் உள்ளனர். அமெரிக்கர், பிரித்தானியர் மாத்திரமன்றி யமேக்கா, தென்னாபிரிக்கா, இந்தியா, பிலிப்பைன்ஸ் ஆகிய நாட்டவரும் வருகிறார்கள். ஆங்கிலம் வெள்ளையரின் மொழி என்று எண்ணியிருந்த மலைநாட்டுப் பிள்ளைக்கு இதுவே ஒரு பாடந்தான்.

பாடசாலையில் ஒரு நாள்

காலை எட்டு மணிக்கு முன்பே ஆசிரியர் பாடசாலை வாசலில் காலணியைக் கழற்றி, உள்ளே அணியும் காலணியை மாட்டிக்கொள்கிறார். ஆசிரியர் அறையில் மேசைகள் ஒன்றையொன்று பார்த்தபடி வரிசையாக இருக்கும். முன்புறம் உப அதிபர் இருந்து எல்லாவற்றையும் கவனிப்பார். காலைக் கூட்டம் நடக்கும். புதிதாக வந்தவருக்கு அதில் பாதியும் விளங்காது. மற்றவர்கள் தலைகுனியும்போது தாமும் தலைகுனிவார். பிள்ளைகள் இவரை முதற்பெயரோடு ‘சென்செய்’ என்ற மரியாதைச் சொல்லைச் சேர்த்து அழைப்பார்கள்.

பாடவேளை ஆரம்பப் பாடசாலையில் 45 நிமிடம், கனிஷ்ட இடைநிலைப் பாடசாலையில் 50 நிமிடம். வகுப்புத் தலைவர் குரல் கொடுக்க, பிள்ளைகள் எழுந்து வணங்கிய பின்னரே பாடம் தொடங்கும். அந்நிய ஆசிரியர் சட்டப்படி உதவி ஆசிரியரே. வகுப்புக்குப் பொறுப்பானவர் யப்பானிய ஆசிரியர். இருவரும் ஒருங்கே நின்று கற்பிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நடைமுறை இடத்துக்கு இடம் வேறுபடும். சில பாடசாலைகளில் இருவரும் கூடிப் பாடத்தைத் திட்டமிடுவர். வேறு சிலவற்றில், உயர்தரப் பாடசாலை நுழைவுப் பரீட்சைக்கு இலக்கண விதிகளை மனனம் செய்விப்பதிலேயே நேரம் கழிய, அந்நிய ஆசிரியர் புத்தகத்தை உரத்து வாசித்துவிட்டு ஓரமாக நிற்பார். தம்மை ‘மனித ஒலிநாடா’ என்று கேலியாகக் கூறிக்கொள்வது இவர்களிடையே வெகுகாலப் பழக்கம்.

ஆரம்பப் பாடசாலைகளில் 5ஆம், 6ஆம் தர மாணவருக்கு அந்நிய மொழிச் செயற்பாடுகள் 2011இல் கட்டாயமாக்கப்பட்டன. 2020இல் அது அவ்வகுப்புகளுக்கு முறையான பாடமாகி, 3ஆம், 4ஆம் தரங்களில் செயற்பாடாகத் தொடங்கியது. ஆகவே அந்நிய ஆசிரியர் ஒருவர் கிழமையில் இரண்டு மூன்று பாடசாலைகளுக்குச் சென்றுவருவது சாதாரணம். ஒரு நாள் 15 வயது மாணவரோடு பரீட்சைப் பயிற்சி, மறுநாள் சிறுவரோடு பாட்டும் விளையாட்டும் என்று வேலை மாறிக்கொண்டே இருக்கும்.

மொழியின் ஓசையே முதற் தடை. யப்பானிய எழுத்து முறையில் மெய்யெழுத்து தனியே நிற்பது அரிது. உயிரோசை சேர்ந்தே வரும். எனவே ‘மில்க்’ என்பது ‘மிருக்கு’ ஆகிறது. ‘ல’கரத்துக்கும் ‘ர’கரத்துக்கும் அங்கு வேறுபாடு இல்லாமையால் ‘லைற்’, ‘ரைற்’ இரண்டும் ‘ரைத்தோ’ என்ற ஒரே ஒலியாகின்றன. ‘இஸ்கூல்’ என்றும் ‘பஸ்ஸு’ என்றும் சொல்லிப் பழகிய நாம் இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டியதில்லை.

இரண்டாவது தடை கூச்சம். பலர் முன்னிலையில் பிழைவிடுவதைப் பிள்ளைகள் பெரும் வெட்கமாகக் கருதுகிறார்கள். விடை தெரிந்த பிள்ளையும் வாய்திறவாமல் இருக்கும். இங்கேதான் அந்நியர் ஒருவரின் பயன் வெளிப்படுகிறது. அவர் யப்பானிய மொழியைப் பிழையாகப் பேசுகிறார். பிள்ளைகள் சிரித்துத் திருத்துகிறார்கள். அவரும் சிரித்துக்கொண்டு மறுபடி சொல்லிப்பார்க்கிறார். வளர்ந்த ஒருவர், அதுவும் ஆசிரியர், பிழைவிட்டும் வெட்கப்படாமல் கற்றுக்கொண்டிருப்பதை அப்பிள்ளைகள் தினமும் காண்கிறார்கள். இலக்கணப் புத்தகத்தில் இல்லாத இந்தப் பாடத்தை உள்ளூர் ஆசிரியரால் இவ்வளவு எளிதாகக் கற்பிக்க முடியாது.

ஒரே உணவு, ஒரே துடைப்பம்

மதிய உணவு வேளை கிராம அபிவிருத்தியில் ஈடுபட்டோர் கவனிக்க வேண்டிய ஒன்று. யப்பானியப் பாடசாலை உணவின் வரலாறு 1889இல் யமகத்தா மாகாணத்தின் சுறுவோக்கா என்ற ஊரில் தொடங்குகிறது. பௌத்த ஆலயமொன்றில் நடந்த பாடசாலையில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சோற்று உருண்டையும், சுட்ட மீனும், ஊறுகாயும் கொடுத்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய பஞ்ச காலத்தில் இவ்வழக்கம் பரவி, 1954இல் சட்டமாகியது.

இன்று சோறு, சூப், மீன் அல்லது இறைச்சி, மரக்கறி, பால் என்று உணவு வருகிறது. பிள்ளைகள் வெள்ளை மேலங்கியும் தொப்பியும் அணிந்து, முறைவைத்துத் தாமே பரிமாறுகிறார்கள். பிள்ளைகள் உண்பதற்கு முன் அதிபர் அதை உண்டு பார்த்துவிட வேண்டும். ஆசிரியரும் வகுப்பிலேயே அதே உணவை உண்கிறார். ‘இத்தாதக்கிமாசு’ என்று எல்லோரும் ஒருமித்துச் சொல்லிய பின்னரே கை வைப்பார்கள். ‘பணிவோடு பெற்றுக்கொள்கிறேன்’ என்பது அதன் பொருள். பல இடங்களில் அரிசியும் மரக்கறியும் அவ்வூர் வயல்களிலிருந்தே வாங்கப்படுகின்றன. இன்ன வீட்டாரின் வெங்காயம் என்று அறிவிப்பதும் உண்டு.

உணவுக்குப் பின் துப்புரவுப் பணி. தரை, படிக்கட்டு, மலசலகூடம் எல்லாவற்றையும் பிள்ளைகளே 15, 20 நிமிடங்களில் துடைத்துப் பெருக்குகிறார்கள். ஆசிரியரும் துணியோடு குனிகிறார். பாடவேளையில் வாய்திறக்காத பிள்ளை, வாளியைத் தூக்கும்போது அந்நிய ஆசிரியரிடம் ஒரு சொல் ஆங்கிலம் பேசிப் பார்ப்பதும் இங்கேதான். மாலையில் விளையாட்டுக் கழகங்கள். கூடைப்பந்தாட்டத்திலோ வாட்போர்ப் பயிற்சியிலோ ஆசிரியரும் சேர்ந்துகொண்டால் பெற்றோர் விரைவில் அவரை அறிந்துகொள்வார்கள்.

குளிரும் தனிமையும்

ஊர்ப்புறத்தில் வீடு மலிவு. ஆனால் குளிர் கடுமை. யப்பான் கடலை நோக்கிய நீகத்தா, யமகத்தா, அக்கித்தா மாகாணங்களின் மலையூர்களில் இரண்டு மூன்று மீற்றர் உயரத்துக்குப் பனி குவியும். பழைய வீடுகளின் சுவர்கள் மெல்லியவை. வீடு முழுவதையும் சூடாக்கும் வசதி இல்லாதபடியால், இருக்கும் அறையில் மண்ணெண்ணெய் அடுப்பை மூட்டி, ‘கொத்தாட்சு’ எனப்படும், அடியில் வெப்பமூட்டி பொருத்திய தாழ்ந்த மேசையின் போர்வைக்குள் காலை நீட்டியிருப்பார்கள். இரவில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்காமலிருக்கச் சொட்டுச் சொட்டாக நீரை ஓடவிட வேண்டும். விடியுமுன் எழுந்து வாசலில் உள்ள பனியை வாரி ஒதுக்கிய பின்னரே வேலைக்குப் போகலாம். பஸ் வண்டி நாளுக்குச் சில தடவைகளே வரும். ஆகவே வாகனம் ஓட்டத் தெரியாதவருக்குச் சிரமம் அதிகம். மலையோரங்களில் கரடி நடமாட்டம் இருப்பதால் பிள்ளைகளின் புத்தகப் பைகளில் சிறு மணிகள் தொங்கும்.

குளிரைவிடத் தனிமை கொடியது. ஊரில் இவர் ஒருவரே அந்நியர். கடையில் என்ன வாங்கினார் என்பதும் மறுநாள் பாடசாலையில் தெரிந்திருக்கும். குப்பையைக் கூட, எரிவது, எரியாதது, போத்தல், கடதாசி என்று பிரித்து, உரிய நாளில் உரிய இடத்தில் வைக்க வேண்டும். பிழையாக வைத்தால் பை திரும்பி வாசலுக்கே வந்துவிடும். எல்லோரும் கவனிக்கிறார்கள், எவரோடும் மனம்விட்டுப் பேச மொழியில்லை என்ற நிலையில் முதற் குளிர்காலத்தோடு ஊர் திரும்புவோரும் உண்டு.

நிலைத்து நிற்பவர்கள் பாடசாலைக்கு வெளியே ஊரோடு சேரும் வழியைக் கண்டுபிடித்தவர்களே. ‘கோமின்கன்’ என்ற பொது மண்டபங்கள் இதற்குக் கைகொடுக்கின்றன. போருக்குப் பின் 1946இலிருந்து அமைக்கப்பட்டு, 1949ஆம் ஆண்டின் சமூகக் கல்விச் சட்டத்தால் உறுதிபெற்ற இவை எமது சனசமூக நிலையங்களை ஒத்தவை. இங்கே மாலை வேளையில் இளைப்பாறியவர்களும் இல்லத்தரசிகளும் ஆங்கிலம் பேசிப்பழக வருகிறார்கள். பதிலுக்கு எழுத்தோவியமும் சமையலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். வாய்க்கால் துப்புரவாக்கும் நாளில், எமது சிரமதானம் போல, வீட்டுக்கு ஒருவர் வரவேண்டும். அந்நாளில் மண்வெட்டியோடு வந்து நிற்கும் ஆசிரியரின் வாசலில் அடுத்த வாரம் முள்ளங்கியும் கத்தரிக்காயும் வைக்கப்பட்டிருக்கும். யார் வைத்தார் என்று தெரியாது. ஊர் தம்மை ஏற்றுக்கொண்டதற்கு அதுவே அடையாளம்.

ஒப்பந்தத்தின் மறுபக்கம்

இத்தொழிலின் குறைகளையும் சொல்லவேண்டும். இன்று யப்பானியப் பாடசாலைகளில் உள்ள அந்நிய மொழி உதவி ஆசிரியர்களுள் ஜெற் திட்டத்தில் வந்தவர்கள் சிறுபான்மையினரே. ஏனையோரைக் கல்விச் சபைகள் நேரடியாக அமர்த்துகின்றன, அல்லது தனியார் கம்பனிகளிடமிருந்து பெறுகின்றன. செலவைக் குறைக்க விரும்பும் உள்ளூராட்சி மன்றங்களுக்குக் கம்பனி ஒப்பந்தம் வசதியானது. ஆசிரியருக்கோ சம்பளம் குறைவு. விடுமுறைக் காலத்தில் அது மேலும் குறைவதும் உண்டு.

சட்டச் சிக்கலும் உண்டு. வேலையை முற்றாகக் கம்பனியிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தத்தில், பாடசாலை ஆசிரியர் கம்பனி ஊழியருக்கு நேரடியாகப் பணிப்புரை வழங்கக் கூடாது. ஒரே வகுப்பில் தோளோடு தோள் நின்று கற்பிக்க வேண்டிய இருவர், இப்படிச் செய்வோம் என்று பேசித் தீர்மானிப்பதே விதிமீறலாகிவிடும் விந்தை இது. நேரடியாக அமர்த்தப்படுவோரும் 2020 ஏப்பிரலில் வந்த புதிய முறையின் கீழ் ஆண்டுக்கு ஆண்டு நியமிக்கப்படும் ஊழியராகவே கொள்ளப்படுகின்றனர். பிள்ளைகள் ஒருவரை நம்பிப் பேசத் தொடங்கும்போது அவர் மாறிவிடுவதற்கு இத்தகைய ஏற்பாடுகளும் காரணம்.

கற்றபின் போவது எங்கே?

இனி, தொடக்கத்தில் குறிப்பிட்ட அந்தக் கடினமான கேள்விக்கு வருவோம்.

யப்பானின் சனத்தொகை 2008இல் ஏறத்தாழ 12 கோடி 80 இலட்சம் என்ற உச்சத்தை எட்டி, பின்பு குறையத் தொடங்கியது. நாட்டு மக்களில் 10 பேருக்கு ஏறத்தாழ 3 பேர் 65 வயதைக் கடந்தவர்கள். அக்கித்தா மாகாணத்தில் ஏறத்தாழ 4 பேர். சிறிய ஊராட்சிகள் தனித்து இயங்க முடியாமல் இணைக்கப்பட்டதனால், 1999இல் 3,232 ஆக இருந்த உள்ளூராட்சி மன்றங்கள் 2010இல் 1,727 ஆகின. 2002 முதல் 2020 வரையான காலத்தில் 8,500க்கு மேற்பட்ட அரசாங்கப் பாடசாலைகள் மூடப்பட்டன.

தொக்குஷிமா மாகாணத்தின் இயா பள்ளத்தாக்கில் நகோரோ என்றொரு சிற்றூர் உண்டு. அங்கு பாடசாலை 2012இல் மூடப்பட்டது. ஊர்ப் பெண்மணி ஒருவர், இறந்தும் இடம்பெயர்ந்தும் போனவர்களுக்குப் பதிலாக ஆளுயரப் பொம்மைகளைச் செய்து வீதியிலும் வயலோரத்திலும் இருத்தினார். மூடப்பட்ட வகுப்பறையிலும் பொம்மைப் பிள்ளைகள் பொம்மை ஆசிரியரைப் பார்த்தபடி அமர்ந்திருக்கின்றன. அவற்றைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். படிக்கப் பிள்ளை இல்லை.

பல ஊர்களில் உயர்தரப் பாடசாலை இல்லை. எனவே 15 வயதில் பிள்ளை பட்டினத்துக்குப் போகிறது. 18 வயதில் பெருநகருக்குப் போகிறது. நன்றாகப் படிக்கும் பிள்ளையே முதலில் போகிறது. ஆங்கிலத்தில் கூடிய புள்ளி பெற்ற பிள்ளை இன்னும் தூரம் போகிறது. அப்படியானால் மலையூருக்கு வரும் ஆங்கில ஆசிரியர், அவ்வூரை வெறுமையாக்கும் வேலைக்குத்தான் துணைசெய்கிறாரா? கல்வி என்பது ஊரைவிட்டு வெளியேறும் ஏணி மாத்திரந்தானா?

இக்கேள்விக்கு ஷிமானே மாகாணத்தின் ஓக்கித் தீவுகளில் உள்ள அமா என்ற சிற்றூர் செயலால் பதில் சொல்ல முயன்றது. அயல்தீவுகளுக்கும் பொதுவான தோசென் உயர்தரப் பாடசாலையில் 2008இல் மாணவர் தொகை 90 அளவுக்குக் குறைந்து, மூடும் நிலை வந்தது. பாடசாலை மூடப்பட்டால் பிள்ளைகளோடு குடும்பங்களும் தீவை விட்டுப் போய்விடும் என்பதை ஊரார் உணர்ந்தனர். தீவின் பிரச்சினைகளையே பாடப்பொருளாக்கினர். மீன்பிடி, முதியோர் பராமரிப்பு, சுற்றுலா முதலியவற்றை மாணவர் ஊராரிடமே கேட்டு ஆராய்ந்தனர். பின்னேரப் படிப்புக்கு ஊர்ச் செலவில் ஒரு கல்வி நிலையம் அமைந்தது. பெருநகர்ப் பிள்ளைகள் மூன்றாண்டு வந்து தங்கிப் படிக்க ‘தீவுக்கு வெளியூர்க் கல்வி’ என்ற ஏற்பாடும் தொடங்கியது. சில ஆண்டுகளில் மாணவர் தொகை ஏறத்தாழ இரு மடங்காகியது. போன பிள்ளைகள் எல்லோரும் திரும்பிவிடவில்லை. ஆயினும் திரும்பி வருவதற்கு ஓர் ஊரும் ஒரு காரணமும் இருக்கின்றன.

இத்தகைய பாடசாலையில் ஆங்கிலத்தின் இடமும் மாறிவிடுகிறது. தன் ஊரைப் பற்றிப் பிறருக்குச் சொல்ல ஒரு மொழி வேண்டும் என்ற தேவை அங்கு எழுகிறது. வெளிநாட்டு ஆசிரியர் ஊரை அறியாதவர். ஆகவே அவருக்கு ஊரை விளக்குவதே நல்ல பயிற்சி. எங்கள் நெல் எப்படி விளைகிறது, எங்கள் திருவிழா ஏன் நடக்கிறது என்று ஒரு பிள்ளை தட்டுத்தடுமாறிச் சொல்லும்போது, இது சொல்லத்தக்க ஊர் என்பதை அப்பிள்ளையே முதன்முதலாகக் கண்டுகொள்கிறது.

கடல் எழுந்த நாள்

2011 மார்ச் 11ஆம் திகதி வடகிழக்கு யப்பானைத் தாக்கிய நில அதிர்ச்சியிலும் ஆழிப்பேரலையிலும் 18,000க்கு மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற் போயினர். அவர்களுள் ஜெற் திட்டத்து ஆசிரியர் இருவரும் இருந்தனர். அமெரிக்காவின் வேர்ஜீனியாவைச் சேர்ந்த ரெய்லர் அண்டர்சனுக்கு வயது 24, இஷினோமாக்கியில் கற்பித்தவர். பாடசாலைப் பிள்ளைகள் பெற்றோரிடம் சேரும்வரை உடனிருந்துவிட்டு, துவிச்சக்கர வண்டியில் புறப்பட்டவர் வீடு சேரவில்லை. அலாஸ்காவைச் சேர்ந்த மொன்ற்கொமரி டிக்சனுக்கு வயது 26, ரிக்குசென்தக்கத்தாவில் கற்பித்தவர்.

அண்டர்சனின் பெற்றோர் தம் மகளின் பெயரால் ஒரு நிதியம் அமைத்து, இஷினோமாக்கிப் பாடசாலைகளுக்கு நூல்களை வழங்கினர். அந்நூல்களுக்கான அலுமாரிகளைச் செய்தவர் அவ்வூர்த் தச்சர் ஒருவர். அவர் தமது மூன்று பிள்ளைகளையும் அதே பேரலையில் இழந்தவர். மகளை இழந்த அந்நிய நாட்டுப் பெற்றோரும், பிள்ளைகளை இழந்த உள்ளூர்த் தந்தையும் பிறர் பிள்ளைகளுக்காக ஒரு வாசிப்பு மூலையை உருவாக்கினர். 2004இன் ஆழிப்பேரலையைக் கண்ட எமது கரையோர மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்நாட்களில் ஏனைய அந்நிய ஆசிரியர் பலரும் தத்தம் ஊர்களைவிட்டுப் போகாமல், நிவாரணப் பொருட்களைச் சுமந்தும், சேறு வாரியும், செய்திகளை மொழிபெயர்த்தும் உதவினர். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு கடமை இருக்கவில்லை.

கிராமத்துக்குக் கிராமம்

யப்பானிய ஆங்கில ஆசிரியரின் கதையோடு சேர்த்துப் பார்க்கத்தக்க இன்னொரு இடமும் அந்நாட்டிலேயே உண்டு. தொச்சிகி மாகாணத்தின் நிஷினசுனோவில், 1973இல் வண. தக்காமி தொஷிஹிரோ என்ற போதகர் ஆசிய கிராமிய நிறுவனத்தை ஆரம்பித்தார். ஆசியா, ஆபிரிக்கா முதலிய பகுதிகளிலிருந்து கிராமத் தலைவர்கள் அங்கு வந்து, ஏப்பிரல் முதல் டிசெம்பர் வரை தங்கி, இரசாயனம் இன்றிப் பயிர்செய்யவும், கால்நடை வளர்க்கவும், மக்களை வழிநடத்தவும் கற்கிறார்கள். எமது நாட்டிலிருந்தும் பலர் சென்று பயின்று திரும்பியுள்ளனர். விளைவித்ததைச் சேர்ந்து சமைத்து, சேர்ந்து உண்பதே அங்கு முதற் பாடம்.

அங்கு பொது மொழி ஆங்கிலம். ஆனால் அதை எவரும் ஊரைவிட்டுப் போவதற்காகப் பேசுவதில்லை. ஒரு நாட்டுக் கமக்காரர் இன்னொரு நாட்டுக் கமக்காரரிடம் கூட்டெருப் போடும் விதத்தைக் கேட்பதற்குப் பேசுகிறார். இலக்கணம் பிழைக்கலாம், கூட்டெரு பிழைப்பதில்லை. பயிற்சி முடிந்ததும் எல்லோரும் தத்தம் கிராமத்துக்கே திரும்ப வேண்டும் என்பதே அங்கு எதிர்பார்ப்பு.

வெளியிலிருந்து வருபவர் நிரந்தரமாக இருக்க வேண்டியதில்லை. அவர் தங்கும் காலத்தில் ஊராரோடு ஒரே உணவை உண்டு, ஒரே வாய்க்காலைத் துப்புரவு செய்து, தாமும் கற்பவராக இருந்தால், அவர் போன பின்னும் ஏதோ ஒன்று அங்கு மிஞ்சும். ஆனால் அது எந்தத் திசையில் வளரும் என்பதை அவரால் தீர்மானிக்க முடியாது. பிள்ளைகள் கற்ற மொழியைக்கொண்டு தம் ஊருக்கு என்ன செய்யலாம் என்பதை ஊரே இருந்து பேச வேண்டும். அமாவின் ஊரார் அதைப் பேசியபோது பாடசாலை மூடப்படும் நிலையில் இருந்தது. அதற்கு முன்பே பேசத் தொடங்குவது நல்லது.